சீம்பால் தீரும் நாள்

குதிரைக் குட்டி பிறந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிடும். நான்கு கால்களும் நான்கு பக்கம் இழுக்க, இரண்டு தடவை விழுந்து மூன்றாவது தடவை நிற்கும். தாயின் வயிற்றடியில் முட்டி முட்டி மடியைத் தேடும், சீம்பால் குடிக்கும். லாயத்தில் விடிய விடியக் கண்விழித்துக் காத்திருந்தவருக்கு அதற்கப்புறம்தான் நிம்மதி வரும்.

‘ஸ்கிட்’ என்ற பரம்பரை நோயோடு பிறக்கும் அரபுக் குதிரைக் குட்டியும் இதையெல்லாம் ஒன்று விடாமல் செய்யும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அந்த நோயின் கொடுமையே அதுதான்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புச் சக்தி கருவில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகக் கொஞ்சம் வந்து சேர்ந்துவிடுகிறது. குதிரையின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. குட்டிக்குக் கிடைக்கும் முதல் காவல் முழுக்கச் சீம்பாலில்தான் இருக்கிறது. அது தாய் கொடுத்த கைமாற்று. சில வாரங்களில் கரைந்துபோகும். அதற்குள் குட்டியின் உடம்பு தன் சொந்தப் படையைத் திரட்டிவிட வேண்டும். ஸ்கிட் குட்டிக்குத் திரட்ட ஆளே கிடையாது. ஒரு மாதம், இரண்டு மாதம் துள்ளித் திரிந்த குட்டிக்கு ஒருநாள் மூக்கில் சளி வடியும். இருமும். காய்ச்சல் வரும். ஊசி போட்டால் இரண்டு நாள் தணியும், மறுபடி வரும். மற்றக் குதிரைகளுக்கு லேசான சளியோடு போய்விடும் அடினோ வைரஸ் இதன் நுரையீரலை அரித்துத் தின்றுவிடும். ஐந்து மாதம் தாண்டிய குட்டி அநேகமாக இல்லை.

1973-க்கு முன்னால் இந்தச் சாவுக்குப் பெயர் வெறும் நிமோனியா. ஈரத் தரையைச் சொன்னார்கள், குளிர்காற்றைச் சொன்னார்கள், பார்த்துக்கொண்ட ஆளைத் திட்டினார்கள். அந்த வருஷம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்குவயர், பாப்பி என்ற இருவர், செத்த குட்டிகளின் உடலில் தைமஸ் சுரப்பி சுருங்கிக் கிடப்பதையும், இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இல்லாததையும் எழுதி வெளியிட்டார்கள். கோளாறு தொழுவத்தில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் குட்டிக்கு நோய். ஒரு பிரதி மட்டும் உள்ள குதிரைக்கு ஒன்றும் ஆகாது. ஓடும், பரிசு வாங்கும், வயதாகிச் சாகும். இப்படிப்பட்ட இரண்டு குதிரைகள் சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

இதைத் தமிழ் வாசகருக்கு விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம் என்று டாக்டர்கள் ஏன் சொல்கிறார்களோ, அதே கணக்குதான் இது. அரபுக் குதிரைக்காரர்களுக்கு வம்சத் தூய்மைதான் பெருமையே. பாலைவனத்துப் பதூயின்கள் தாய்வழியை வைத்துக் குலம் சொன்னார்கள். குகைலான், சக்லாவி, ஹம்தானி என்று குலப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. பேர்பெற்ற பொலிகுதிரை ஒன்று அமைந்துவிட்டால் அதன் பேத்தியை அதன் பேரனோடு சேர்ப்பது வளர்ப்புக் கலை என்றே கருதப்பட்டது. அழகும் ஓட்டமும் அப்படிச் சேர்ந்துகொண்டே வந்தன. அவற்றோடு இதுவும் சேர்ந்தது.

நோய் இரத்தத்தில் இருக்கிறது என்று 1973-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் எந்தக் குதிரையின் இரத்தத்தில் என்பது தெரிய இன்னும் 24 வருஷம் ஆயிற்று. அந்த 24 வருஷத்தைத்தான் நான் ‘அன்று’ என்கிறேன்.

அன்று நோயுள்ள குட்டியைக் கண்டுபிடிக்கலாம். இரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும். ஐஜிஎம் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆரோக்கியமான குட்டி அதைக் கருவிலேயே கொஞ்சம் தயாரித்துவிடும். ஆனால் சீம்பால் குடிப்பதற்கு முன்னால் இரத்தம் எடுத்தாக வேண்டும், குடித்துவிட்டால் தாயின் சரக்கு கலந்து கணக்கைக் குழப்பிவிடும். நள்ளிரவில் ஈன்று, தட்டுத்தடுமாறி எழுகிற குட்டியை மடியில் வாய் வைக்க விடாமல் பிடித்துக்கொண்டு ஊசி குத்த யாருக்கு மனசு வரும்? பெரும்பாலும் செத்த பிறகு அறுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள்.

நோயைச் சுமந்துகொண்டு நன்றாகத் திரியும் குதிரையைக் கண்டுபிடிக்க அதுவும் கிடையாது. இருந்தது ஒரே வழி. சந்தேகப்படும் பொலிகுதிரையை, ஏற்கெனவே ஸ்கிட் குட்டி ஈன்ற பெட்டைகளோடு சேர்த்துப் பார்ப்பது. பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் நல்ல குட்டியாக இருக்க முக்கால் பங்கு வாய்ப்பு எப்படியும் உண்டு. ஆகவே இரண்டு மூன்று நல்ல குட்டிகளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 99 சதவீதம் உறுதியாகச் சொல்ல வரிசையாக 16 நல்ல குட்டிகள் வேண்டும். குதிரையின் சினைக்காலம் 11 மாதம். இந்தச் செலவை யார் செய்வார்கள்? ஒருவேளை குதிரை நோயைச் சுமப்பதாக இருந்தால், அதை நிரூபிக்கவே சில குட்டிகளைச் சாகக் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு ஸ்கிட் குட்டி பிறந்தால் அது தாய், தகப்பன் இரண்டையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். பொலிகுதிரைக்குச் சொந்தக்காரருக்கு வருமானம் போகும். பெட்டைக்குச் சொந்தக்காரருக்குக் குதிரையின் விலை போகும். குட்டியை அறுத்துப் பார்க்காமல் புதைத்துவிடுவதுதான் இரு தரப்புக்கும் லாபம். இதை நான் அவர்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வழி இல்லாத இடத்தில் உண்மை பேசுகிறவன் மட்டும் தனியாக நஷ்டப்படுவான். மற்றவர்களின் குதிரைகள் சந்தேகத்தின் பலனில் விலைபோகும். 1970-களில் குட்டிகளில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் நோயோடு பிறப்பதாக ஒரு கணக்கு எடுத்தார்கள். அதை வைத்துப் பார்த்தால் அமெரிக்க அரபுக் குதிரைகளில் நான்கில் ஒன்று நோயைச் சுமக்க வேண்டும். நான்கில் ஒன்று! ஆனால் எது அந்த ஒன்று என்று யாருக்கும் தெரியாது. வதந்தி மட்டும் இருந்தது.

இடையில் ஒரு கிளைக்கதை. 1983-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மெல்வின் போஸ்மா என்ற ஆய்வாளர் இதே மாதிரி எதிர்ப்புச் சக்தியே இல்லாத எலிகளைக் கண்டுபிடித்தார். அந்த எலி உலகம் முழுக்கப் புற்றுநோய் ஆய்வகங்களில் பரவிவிட்டது. எலியில் கெட்டுப்போயிருந்த மரபணு எதுவோ, குதிரையிலும் அதேதான் என்று பின்னால் தெரிந்தது. குதிரை பத்து வருஷம் முந்திக்கொண்டது. பேர் வாங்கியது எலி.

1997-ல் கேத்ரின் மீக், லான்ஸ் பெர்ரிமன் ஆகியோர் அடங்கிய குழு குதிரையின் கோளாறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டது. டிஎன்ஏ-பிகே என்ற புரதம் ஒன்று உண்டு. எதிர்ப்பு அணுக்கள் உருவாகும்போது அவை தம் டிஎன்ஏவைத் தாமே வெட்டி வேறு வரிசையில் ஒட்டிக்கொள்கின்றன. எத்தனையோ வகைக் கிருமிகளுக்கு எத்தனையோ வகை ஆயுதம் செய்வது அப்படித்தான். வெட்டியதை ஒட்டுகிற வேலையில் இந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு. ஸ்கிட் குதிரையில் இதற்கான மரபணுவில் ஐந்தே ஐந்து எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. அச்சுக்கோப்பவர் ஐந்து எழுத்தைத் தவறவிட்டதால் அந்த இடத்துக்குப் பிறகு வருகிற வரிகளெல்லாம் பொருளில்லாமல் போன மாதிரி, புரதம் பாதியில் அறுந்துவிடுகிறது. வெட்டுவது நடக்கிறது, ஒட்டுவது நடக்கவில்லை.

எந்த இடத்தில் எந்த எழுத்து இல்லை என்று தெரிந்துவிட்டால் சோதனை சுலபம். அதே வருஷம் அது விற்பனைக்கும் வந்துவிட்டது.

இன்று எப்படிச் செய்கிறார்கள் என்றால், பார்க்கிறவருக்கு ‘இவ்வளவுதானா’ என்று இருக்கும். பெரிய குதிரையானால் பிடரி மயிரில் ஒரு சின்னக் கொத்தை விரலில் சுற்றி வெடுக்கென்று இழுக்க வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டினால் பிரயோஜனம் இல்லை. டிஎன்ஏ இருப்பது மயிர்க்காலில், நுனியில் வெள்ளையாகத் தெரியும் அந்தக் குமிழில். 20, 30 மயிர் போதும். குட்டிக்குப் பிடரி மயிர் பஞ்சு மாதிரி இருக்கும், வேரோடு வராமல் அறுந்துவிடும். அதனால் குட்டியின் வாலிலிருந்துதான் எடுப்பார்கள். காகிதத்தில் ஒட்டி, உறையில் போட்டு, தபாலில் அனுப்புகிறார்கள். ஊசி இல்லை, இரத்தம் இல்லை, மருத்துவர்கூட வேண்டியதில்லை. சில நாட்களில் பதில் வரும்: இரண்டு பிரதியும் நல்லது, ஒன்று கெட்டது, இரண்டும் கெட்டது. 16 குட்டிகளும் பல வருஷங்களும் கேட்ட கேள்விக்கு ஒரு கொத்து மயிர் பதில் சொல்கிறது.

குட்டி பிறக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. சேர்ப்பதற்கு முன்பே இரண்டின் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். நோயைச் சுமக்கும் குதிரையை நல்ல குதிரையோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. இது ரொம்ப முக்கியமான இடம். சுமக்கும் குதிரைகளையெல்லாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஏற்கெனவே குறுகிப்போன வம்சத்தில் அப்படிக் கழித்துக்கட்டினால், கண்ணுக்குத் தெரியாத வேறொரு கோளாறு மேலே வரலாம்.

சோதனை வந்ததும் செய்த முதல் கணக்கெடுப்பில், அமெரிக்க அரபுக் குதிரைகளில் நோயைச் சுமப்பவை நூற்றுக்குச் சுமார் 8 என்று தெரிந்தது. நான்கில் ஒன்று என்று பயந்திருந்த இடத்தில் பன்னிரண்டில் ஒன்று. பழைய கணக்கு கொஞ்சம் மிகையாக இருந்திருக்கலாம். நடுவில் சிலர் சத்தமில்லாமல் கழித்துக்கட்டியதும் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2004-05 பருவத்தில் பிறந்த அரபுக் குட்டிகளில் 6.4 சதவீதம் நோயைச் சுமந்தன. ஐந்து வருஷத்தில், 2009-10 பருவத்தில், அது 3.4 சதவீதம். யாரும் எதையும் சுடவில்லை. காகிதத்தைப் பார்த்துச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

இதே பாதையில் மற்ற நோய்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், அதன் சோகம் விசித்திரமானது. எகிப்திய அரபு வம்சத்தில் சில குட்டிகள் வெளிறிய ஊதாச் சாம்பலில், வெள்ளிப் பூச்சு போட்டது போலப் பிறக்கும். அப்படி ஒரு நிறத்தைக் குதிரையில் பார்த்திருக்க முடியாது. ஆனால் அந்தக் குட்டி எழுந்து நிற்காது. கழுத்து பின்னால் வளைய, படுத்தபடியே கால்களைத் துடுப்புப் போடுவது போல அடித்துக்கொள்ளும். சில நாட்களில் முடிந்துவிடும். தோலுக்கு நிறத்தையும் நரம்புக்குச் சரக்கையும் சுமந்து செல்கிற ஒரே புரதம் கெட்டுப்போனதுதான் காரணம் என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். அதற்கும் இன்று அதே ஒரு கொத்து மயிர்தான்.

ஈரோடு மாவட்டத்து அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்க வந்த ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். குட்டியின் நெற்றியைத் தடவினார், கழுத்தில் விரல் ஓட்டினார், குனிந்து வயிற்றடியைப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தார். “சுழி சரியில்லீங்க” என்றார். சுழியில் விஞ்ஞானம் உண்டா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று குட்டிக்குள் இருக்கிறது, அதை வெளியே படித்துவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. அந்தத் தவிப்பை இன்று கம்பெனிகளும் நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. குதிரைகளின் தசைநோய்க்கென்று சந்தையில் விற்கப்பட்ட சில மரபணுச் சோதனைகளை ஸ்டெஃபனி வால்பெர்க் குழுவினர் தசைத் துணுக்குகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சோதனை சொன்னதற்கும் தசையில் இருந்ததற்கும் பொருத்தமே இல்லை. முடிவு 2021-ல் வெளியானது. ஆய்வகத் தாளில் அச்சடித்து வந்தாலும் அதுவும் ஒரு சுழிதான்.

இதுவரை சொன்னது சுபமாகப் போகிற கதை. இனிச் சொல்லப்போவது அப்படி இல்லை. எந்த நோயால் யாருக்கும் லாபம் இல்லையோ, அந்த நோயைத்தான் சோதனை ஒழிக்கும். நோயே பரிசு வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு குதிரை சாட்சி.

அதன் பெயர் இம்ப்ரெஸ்ஸிவ். 1969-ல் பிறந்த அமெரிக்கக் குவார்ட்டர் வகைப் பொலிகுதிரை. 1974-ல் உலகச் சாம்பியன் பட்டம் வாங்கியது. ஓடி அல்ல, நின்று. ஹால்ட்டர் போட்டி என்று ஒன்று உண்டு. குதிரையின் மேல் யாரும் ஏறமாட்டார்கள், கயிற்றைப் பிடித்து நடத்திவந்து நிறுத்துவார்கள். உடற்கட்டைப் பார்த்து மார்க் போடுவார்கள். இம்ப்ரெஸ்ஸிவின் தசைகள் செதுக்கி வைத்தவை போல இருந்தன. அதன் குட்டிகளுக்கும் அப்படியே. எல்லாரும் அந்த இரத்தத்தை விரும்பினார்கள். 1990-களில் அதன் வழிவந்த குதிரைகளை 50,000-க்கு மேல் எண்ணினார்கள்.

அந்த வம்சத்துக் குதிரைகள் சில திடீரென்று நடுங்கின. தோலுக்கு அடியில் புழு நெளிவது போலத் தசை துடிக்கும், பின்னங்கால் மடங்கும், நாய் மாதிரி உட்கார்ந்துவிடும், சில சமயம் மூச்சே நின்றுவிடும். 1992-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஷாரன் ஸ்பியர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: தசையில் சோடியம் போகிற வாசலைச் செய்யும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. வாசல் சரியாக மூடுவதில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் தசை கட்டுப்பாடு இழக்கிறது. நோயின் பெயர் சுருக்கமாக எச்.ஒய்.பி.பி. நம் ஊரில் குதிரைமசால் என்று பெயர் வைத்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுகிறோமே, அந்தத் தீவனத்தில் பொட்டாசியம் அதிகம். சர்க்கரை ஆலை மொலாசஸிலும் அப்படியே. இரண்டும் அந்த வம்சத்துக் குதிரைகளுக்கு ஆகாது. பெயரிலேயே குதிரை இருக்கிற தீவனம்!

இதில் முக்கியமான வித்தியாசம் ஒன்று. ஸ்கிட் வர இரண்டு பிரதி வேண்டும், எச்.ஒய்.பி.பி. வர ஒன்றே போதும். பொலிகுதிரையிடம் ஒரு பிரதி இருந்தால், பெட்டை எவ்வளவு நல்லதானாலும் சுமார் பாதிக் குட்டிகளுக்கு நோய் வரும். அப்படியானால் ஒழிப்பது இன்னும் சுலபமாக இருந்திருக்க வேண்டும்: ஒரு பிரதி உள்ளதைக்கூடச் சேர்க்காமல் விட்டால் ஒரே தலைமுறையில் கதை முடிந்தது. சோதனை 1992-லேயே கைக்கு வந்துவிட்டது, ஸ்கிட்டுக்கு ஐந்து வருஷம் முந்தி.

முடியவில்லை. ஓய்வில்லாமல் துடிக்கிற தசைதான் உடற்பயிற்சி இல்லாமலே புடைத்து நிற்பதாகக் கருதப்படுகிறது. நடுவர்கள் மார்க் போட்டது நோய்க்கு. வளர்ப்பவர்கள் பணம் கொடுத்தது நோய்க்கு. ‘என்’ என்பது நல்ல பிரதி, ‘எச்’ என்பது கெட்டது. என்/எச் என்று சான்றிதழில் போட்டிருப்பதைச் சிலர் தசைக்குக் கிடைத்த உத்தரவாதமாகவே படித்தார்கள். 1998 முதல் அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைச் சங்கம், இம்ப்ரெஸ்ஸிவ் வழிவந்த குட்டிகளின் பதிவுச் சான்றிதழில் இந்த நோயைப் பற்றிக் குறிப்பு எழுத ஆரம்பித்தது. 2007 முதல் எச்/எச் குட்டிகளுக்குப் பதிவே இல்லை என்றது. சோதனை வந்து 15 வருஷம் கழித்து வந்த முடிவு, அதுவும் பாதி முடிவு.

2015-ல் அந்தச் சங்கம், பொலிகுதிரைகளுக்கு ஐந்து நோய்களுக்கான சோதனை முடிவைக் கொடுத்தாக வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. எச்.ஒய்.பி.பி.யும் அதில் ஒன்று. முடிவு கெட்டதாக இருந்தால் சேர்க்கக் கூடாது என்று விதி சொல்லவில்லை, தெரிவித்தால் போதும்.

இம்ப்ரெஸ்ஸிவ் 1995-ல் இறந்தது. என்/எச் குட்டிகளைச் சங்கம் இன்றும் பதிவு செய்கிறது.